சுகர் பார்க்க வந்த பிள்ளை

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஒரு காலைப்பொழுது. காரைக்குடிக்குப் பக்கத்தில் அமராவதிபுதூரில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டின் நடு அறையில், கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் படுத்திருந்தேன். ஃபேன் ஓடவில்லை. நான்தான் நிறுத்தச் சொல்லியிருந்தேன். தெருவில் நாய்கூட நிழல் தேடி ஒதுங்குகிற வெயிலில் எனக்குக் குளிரிக்கொண்டிருந்தது. நர்சிங் காலேஜ் பிள்ளைகள் வீடு வீடாக வந்து சுகர் பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் வெளியில் கேட்டது.

நான் ஏன் அப்படிப் படுத்திருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நடந்தது விளங்காது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் பிறந்ததிலிருந்தே நான் அப்படித்தான் இருந்தேன். பிரசவத்தின்போது ரத்தம் நிற்காமல் போய்விட்டது. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். "பொழச்சதே பெருசு" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிழைத்தவள் வேறு என்ன கேட்க முடியும்?

ஆனால் பால் வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார்கள். சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, இன்னும் யார் யாரோ சொன்னதெல்லாம் தின்றேன். பிள்ளை வாய் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுவாள். கடைசியில் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அவரே கடைக்குப் போய் டின் பால் வாங்கி வந்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பிள்ளை பார்க்க வந்த பெண்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த அலுப்பு வந்தது. முதலில் எல்லோரும் பிரசவ அலுப்பு என்று நினைத்தோம். மாதங்கள் போயின. வாசலில் பாதி கூட்டியிருப்பேன், விளக்குமாற்றோடு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். தலை வாரக் கையைத் தூக்கினால் கை பாதியிலேயே இறங்கிவிடும். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இரட்டைச் சடை போட வேண்டும். ஒரு சடையை நான் போடுவேன். அடுத்ததற்குத் தெம்பு இருக்காது. மீதியை அத்தை போட்டு அனுப்புவார். ஒரு பக்கம் என் சடை தளர்ந்து தொங்கும், இன்னொரு பக்கம் அத்தையின் சடை இறுக்கமாக நிற்கும். அப்படியேதான் அவள் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பெல்லாம் போனாள்.

மாதவிலக்கு திரும்ப வரவே இல்லை. தலைமுடி கொட்டியது. புருவம் ஓரத்தில் அழிந்துபோனது. வியர்வை என்பதே மறந்துபோயிற்று. என் பேச்சே மாறிவிட்டது, இழுத்து இழுத்துப் பேசினேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. என் வீட்டுக்காரர் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரியை விட்டுவிட்டு என்னை எங்கெல்லாமோ கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். ஒருவர் சத்து ஊசி போட்டார். ஒருவர் தைராய்டு பார்த்துவிட்டு நார்மல் என்றார். இன்னொருவர் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டுவிட்டு, மனசுதான் காரணம் என்று தூக்க மாத்திரை எழுதினார். நடுவில் ஒரு மந்திரித்த கயிறும் கட்டினோம். எதிலும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச காலத்தில் வீட்டுக்காரர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அவர் திட்டியதில்லை. நாள் பூராவும் வண்டி ஓட்டிவிட்டு வந்து, கிடக்கிற பாத்திரத்தைக் கழுவுவார். ஆனால் ஒருநாள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நல்லாத்தான் இருக்கா. என்ன, எந்திரிக்க மாட்டேங்குறா." எந்திரிக்க முடியலை என்று அவர் சொல்லவில்லை. மாட்டேங்குறா என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பல நாள் கிடந்தேன். கோபம்கூட வரவில்லை. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, நான்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சித்திரை மாதத்தில் எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்திருந்தன. எதையும் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. சுகர் பார்க்கிற பிள்ளைகள் தெருவுக்குள் வந்ததும் அவரே வாசலுக்குப் போய் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

ஒல்லியான பிள்ளை. யூனிஃபார்ம் முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. வந்ததும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு அத்தையின் விரலில் குத்திப் பார்த்தாள்.

"என்னம்மா இது, இம்புட்டு ஏறிக் கெடக்கு? மாம்பழம் சாப்டீகளா?"

"ஒரே ஒரு கீத்துத்தான் தாயி."

"ஒரு கீத்துக்கா இம்புட்டு ஏறும்?"

அத்தை சிரித்து மழுப்புவது கேட்டது. அந்தப் பிள்ளை பையை எடுத்துத் தோளில் மாட்டியிருக்க வேண்டும். அப்போது திறந்திருந்த கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டாள்.

"அங்குட்டு யாரும்மா படுத்திருக்கது?"

"எம் மருமக. அவ எப்பவும் அப்பிடித்தான். நீ அடுத்த வீட்டுக்குப் போ தாயி, வெயிலு ஏறுது."

அவள் போயிருக்கலாம். தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருந்தன. கூட வந்த பிள்ளைகள் அடுத்த வாசலிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அக்கா, கை என்னக்கா இப்பிடிச் சில்லுனு இருக்கு? காய்ச்சலா?"

எங்கோ தூரத்தில் யாரோ யாரிடமோ பேசுவதுபோல இருந்தது எனக்கு. விரலில் ஊசி குத்தியது தெரிந்தது. அவள் மெஷினைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வேறு ஒரு விரலில் மறுபடியும் குத்தினாள். பிறகு அவள் குரலே மாறிவிட்டது.

"அம்மா, சீனி இருக்கா? தண்ணியில கலந்து கொண்டாங்க. சீக்கிரம்!"

என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சீனித் தண்ணீரைப் புகட்டினாள். ஒவ்வொரு மடக்குக்கும் "முழுங்கிட்டீகளாக்கா? முழுங்குங்க" என்று கேட்டுக் கேட்டுத்தான் அடுத்ததைக் கொடுத்தாள். எனக்குக் கண் கொஞ்சம் தெளிந்தது. அப்போது அவள் அத்தையைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சுகர் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. உங்க சுகர் மாத்திரை எங்குட்டு வச்சிருக்கீக? இவுக எடுத்துப் போட்டிருப்பாகளோ?"

அத்தை ஃப்ரிட்ஜ் மேலே இருந்த மாத்திரைப் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கிட்டே வந்து என் தோளைப் பிடித்தார்.

"அடியே, என்னத்தடி முழுங்குன?"

இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த எண்ணம் அதற்கு முன்னால் எனக்கு வந்திருக்கிறது. துக்கத்தில் வந்ததல்ல, அலுப்பில் வந்தது. இப்படியே தூங்கிப்போனால் நன்றாயிருக்குமே என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அதற்கும் எழுந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடக்க வேண்டுமே. அதனால், அத்தை கேட்டபோது ஒரு நிமிடம் எனக்கே குழப்பமாகிவிட்டது. முழுங்கினேனா? காய்ச்சல் வேகத்தில் எடுத்துப் போட்டிருப்பேனா?

அந்தப் பிள்ளை தன் காலேஜ் மேடத்துக்குப் போன் செய்தாள். "நீ கூடப் போ, நான் பின்னால வர்றேன்" என்று அவர் சொன்னாராம். அதற்குள் அத்தை போன் போட்டு வரச் சொன்ன வீட்டுக்காரரும் வண்டியோடு வந்துவிட்டார். வாசலிலேயே அத்தை அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் உள்ளே வந்து என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு மகள் வருவாள் என்பதால் அத்தை வீட்டிலேயே இருந்துகொண்டார். பின்சீட்டில் அந்தப் பிள்ளை என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும், வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, திரும்பிப் பார்க்காமலே அவர் கேட்டார்.

"ஏன்டி? நான் என்னடி கொறை வச்சேன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அந்தப் பிள்ளைதான் சொன்னாள். "அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க. இன்னும் ஒண்ணும் தெரியலைல்ல?"

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. டியூட்டி டாக்டர் வந்து, என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று கேட்டார். தெரியாது என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அன்றைக்கு நீளமான டியூட்டி போல. போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாரோ ஒருவர் என் வீட்டுக்காரரிடம் சொல்வது கேட்டது. அவர் வராந்தாச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அத்தை போனில், "எம் மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்குய்யா, நல்லாத் தேடிப் பாத்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஏற்றின சுகர் மறுபடி இறங்க ஆரம்பித்ததும், மாத்திரைதான் என்று எல்லோருக்கும் இன்னும் உறுதியாகிவிட்டது.

அந்தப் பிள்ளை கிளம்பிப் போயிருக்கலாம். அவள் வேலை முடிந்துவிட்டது. மேடம் வருகிற வரைக்கும் இருக்கிறேன் என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றி ஸ்டூலுக்கு அடியில் தள்ளினாள். உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீகளே?"

மறுபடியும் மாத்திரையைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்பருந்துக்கா இப்பிடி அலுப்பா இருக்கு?"

"பாப்பா பொறந்ததுல இருந்து."

"பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?"

"போச்சு."

அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். வார்டில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பாப்பாவுக்குப் பால் குடுத்தீகளாக்கா?"

ஏழு வருடத்தில் எத்தனை டாக்டர்களைப் பார்த்திருப்பேன். சாப்பாடு, தூக்கம், வீட்டுச் சண்டை எல்லாம் கேட்டார்கள். யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. என் அவமானம் அது. அதைப் போய் டாக்டரிடம் சொல்வதா? அலுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி உள்ளே போய் எதையோ உடைத்துவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். சத்தம் போட்டு அழவும் முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"இல்ல. ஒரு சொட்டுக்கூட வரலை."

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். மாதவிலக்கு வருகிறதா என்று கேட்டாள். பிறகு மிகவும் கூச்சத்தோடு, அக்குளில் முடி இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். எழுந்து நின்றாள். எதையோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. பயந்துபோயிருந்தாள். டாக்டர் அறை வாசல் வரைக்கும் போவாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள். கதவு இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. ஒரு மாணவி போய் டாக்டரிடம் என்ன சொல்வது? அவளுடைய மேடம் வந்து சேர்ந்த பிறகுதான் இரண்டு பேருமாக உள்ளே போனார்கள்.

சற்று நேரத்தில் டாக்டர் வேகமாக வந்தார். அதே கேள்விகளை அவரும் கேட்டார். என் புருவத்தைத் தடவிப் பார்த்தார். போர்வையை விலக்கிக் கையின் தோலைப் பார்த்தார். பிறகு வராந்தாவில் நின்ற என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

"இவங்க எதையும் முழுங்கின மாதிரி தெரியலைங்க. உடம்பு தானா சுரக்க வேண்டியதைச் சுரக்கலை. ரொம்ப நாளா சுரக்கலை. இப்பக் காய்ச்சலும் வந்ததால தாங்க முடியாமப் போயிருச்சு. ரத்தம் எடுத்துட்டு ஊசி போடுறேன். நல்லவேளை, கொண்டுவந்துட்டீங்க."

என் வீட்டுக்காரருக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் காதில் ஏறியிருக்காது. "முழுங்கலையா சார்?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்றார் டாக்டர். வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார்.

ஊசி போட்டார்கள். நான் தூங்கிப்போனேன். முழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் எங்கேயோ வடை சுடுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. எனக்குப் பசித்தது.

பசி என்றால் என்ன என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வேளைக்கு வேளை யாராவது வற்புறுத்தினால் இரண்டு வாய் தின்பேன், அவ்வளவுதான். அன்றைக்கு நானே கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். யாரும் பிடிக்கவில்லை. "இட்லி வாங்கிட்டு வாரீகளா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஓடினார். வாங்கி வந்ததைத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்றேன். அவர் வெறும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கணும் போல இருக்குங்க" என்று சொன்னேன். சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல் வெளியே போய்விட்டார்.

பிறகு மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பில் உள்ள மற்றச் சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் உத்தரவு போடுகிறதாம். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனால் சிலருக்கு அந்தச் சுரப்பிக்கு ரத்தம் போகாமல் அது வாடிவிடுமாம். பால் வராததும் அதனால்தான், மாதவிலக்கு நின்றதும் அதனால்தான். குளிரும் அலுப்பும் சுகர் இறங்கினதும் எல்லாமே அதனால்தான். "தைராய்டு நார்மல்னு சொன்னாங்களே சார்" என்று இவர் கேட்டார். "அந்த டெஸ்ட்ல மேலருந்து வர்ற உத்தரவை மட்டும்தான் பாப்பாங்க. உத்தரவு போடுற அதிகாரியே படுத்துட்டா அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் சில டெஸ்ட் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். முதலில் ஒரு மாத்திரையை ஆரம்பித்து, சில நாள் கழித்துத்தான் தைராய்டு மாத்திரையைச் சேர்த்தார். உயிர் உள்ளவரைக்கும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் முதல் மாத்திரையை இரண்டு மடங்காக்கிவிட்டு உடனே வர வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்.

இதைக் கேட்கிறவர்கள், அப்புறம் எல்லாம் சந்தோஷம்தானே என்பார்கள். அப்படி இல்லை. உடம்பில் தெம்பு வந்த பிறகுதான், போன வருடங்களை நினைத்து அழவே எனக்குத் தெம்பு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. பிரசவத்தில் என்னைப் பிழைக்க வைத்தவர்கள் மேலா? கயிறு கட்டியவர் மேலா? வீட்டுக்காரரும் பல நாள் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் மானகிரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"எந்திரிக்க மாட்டேங்குறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்டி."

"எனக்கே தெரியலை, உங்களுக்கு எப்பிடித் தெரியும்? வண்டிய எடுங்க" என்றேன்.

அன்றைக்கு என்னைச் சந்தேகப்பட்டதைப் பற்றி அத்தை பேசவே இல்லை. ஆனால் காலையில் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளும்போது என்னுடையதையும் எடுத்துக்கொண்டு வந்து, நான் விழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நிற்பார். வீட்டுக்கு யார் வந்தாலும், "அவளுக்குப் பாலு வராமப் போனதுக்கு மூளைக்கு அடியில இருக்க பட்டாணிதான் காரணமாம். ஸ்கேன்லயே தெரிஞ்சிச்சு" என்று பெருமையாகச் சொல்லுவார். பிள்ளை பார்க்க வந்து அன்றைக்குப் பேசிய பெண்களில் ஒருத்தி வந்தபோது இரண்டு தடவை சொன்னார்.

மகள் விஷயத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குச் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், இரண்டு சடையையும் இன்றைக்கு நானே போடுவேன் என்று. அவள் நெளிந்தாள். "அப்பத்தா போடட்டும்மா. நீ லூசாப் போடுவ" என்றாள். அவள் மேல் தப்பில்லை. பழகிவிட்டாள். என் கைக்குத் தெம்பு வந்தபோது அவளுக்கு என் கை தேவைப்படவில்லை. அதற்கு ஒரு மாத்திரையும் கிடையாது.

சில மாதம் கழித்து அந்த மேடம், காலேஜுக்கு ஒரு வகுப்புக்கு வர முடியுமா என்று கேட்டார். சுகர், தைராய்டு எல்லாம் சேர்ந்த பாடம் நடந்துகொண்டிருந்தது. போனேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, புருவத்தைப் பாருங்கள், தோலைப் பாருங்கள் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கண்காட்சியில் வைத்த பொருள் மாதிரிக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கடைசியில், பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள்.

"அக்கா, அந்த அலுப்பு எப்பிடி இருக்கும்?"

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். "நீங்க டியூட்டி முடிச்சு ஹாஸ்டலுக்குப் போறப்ப ஒரு அலுப்பு இருக்கும்ல, அது காலையில கண்ணு முழிக்கும்போதே இருக்கும். தூங்கினாலும் போகாது. ஆனா அதுகூடப் பெருசில்ல. அலுப்பா இருக்குன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாக. கொஞ்ச நாள்ல நீங்களே நம்ப மாட்டீக."

எழுதிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் கிட்டே வந்து, "அன்னைக்கு எனக்கு அந்த நோயோட பேரே ஞாபகம் வரலைக்கா. பால் வராது, முடி கொட்டும்னு படிச்சது மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. டாக்டர் பேரு கேட்டுட்டா என்ன செய்யிறதுன்னுதான் வெளியவே நின்னேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளும் அலுத்துப்போய்த்தான் இருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. ராத்திரி டியூட்டி முடித்து நேராக வகுப்புக்கு வந்திருக்கிறாள். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். எப்போதாவது போன் செய்து காய்ச்சல் ஏதும் இல்லையே என்று விசாரிப்பாள்.

முழுசாகக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போனாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். சில நாள் காரணமே இல்லாமல் பழைய கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது படுத்துக்கொள்கிறேன். முன்பு படுத்தால் என்னை நானே திட்டிக்கொண்டு படுப்பேன், இப்போது அது இல்லை. அத்தனை வருடமாக என் குணம் என்று ஊரும் நம்பி நானும் நம்பிய ஒன்று என் குணமே இல்லை என்று தெரிந்த பிறகு, மற்றவர்களின் குணத்தைப் பற்றியும் சட்டென்று ஒன்றும் சொல்ல வருவதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், பகல் நேரத்தில் ஒரு பெண் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தால், ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதிலிருந்து என்றுதான் கேட்கிறேன்.